சுருக்குப்பையில் இருந்து க்யூஆர் அட்டைக்கு



மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தா என்று கணக்காளர் அக்கா கேட்டபோது, "நான் பத்தாவதுதான்க்கா படிச்சிருக்கேன், எனக்கு என்ன வரலாறு தெரியும்" என்றேன். "உங்க மாமியார் திருவிழாவுல கடை போட்டாங்க, இப்ப நீ போடறே. அவங்க காசு வாங்கினதும் நீ காசு வாங்கறதும் ஒண்ணாவா இருக்கு? அதுவும் வரலாறுதான், எழுது" என்று சொல்லிவிட்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன். ராஜாக்கள் கதை இதில் இல்லை. நாலு மூங்கிலும் ஒரு தார்ப்பாயும் கட்டிய கொட்டகைக் கடையில் பணம் எப்படி எப்படி மாறி வந்தது என்ற கதை இது. நம் உறுப்பினர்களில் பலர் இப்படிக் கடை போடுகிறவர்கள்தான். அதனால் உங்கள் கதையும் இதில் கொஞ்சம் இருக்கும்.

நெல்லும் நாலணாவும்

எங்கள் ஊர் கருவேப்பிலங்குறிச்சி. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகப் பெண்கள்தான் திருவிழாக் கடை போடுகிறார்கள். விருத்தாசலம் பழமலைநாதர் கோயில் மாசி மகத்துக்கு மணிமுத்தாற்றங்கரையில் ஒரு கடை. வடலூர் தைப்பூசத்துக்கு ஞானசபைப் பெருவெளியில் ஒரு கடை. இந்த இரண்டும்தான் வருடத்தில் எங்களுக்குப் பெரிய வியாபாரம். வறுத்த மல்லாட்டை, பொரிகடலை, பட்டாணி, கூடவே விருத்தாசலம் செராமிக் பேட்டையில் வாங்கி வரும் பீங்கான் அகல், சின்னச் சின்ன பொம்மை, ஊறுகாய் ஜாடி. இவைதான் எங்கள் சரக்கு.

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் இந்தக் கடையைத் தன் மாமியாரிடம் கற்றுக்கொண்டார். அந்தக் கிழவி காலத்தில் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்து, ஆற்றங்கரையிலேயே அடுப்பு மூட்டிச் சோறாக்கி, இரண்டு மூன்று இரவு தங்குவார்களாம். தங்குகிறவர்களை நம்பித்தான் கடை. பாதிப்பேர் காசு தர மாட்டார்கள். வண்டியில் கொண்டுவந்த நெல்லையோ கேழ்வரகையோ படியால் அளந்து போட்டுவிட்டு மல்லாட்டை வாங்கிப் போவார்கள். இது இன்று நேற்றைய பழக்கமும் இல்லை. உப்பு விற்கிறவர்கள் நெல்லுக்கு உப்பை மாற்றியதைச் சங்கப் பாட்டுகளே சொல்கின்றன.

காசு என்றால் அப்போது அணாக் கணக்கு. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. 1957 ஏப்ரல் 1ஆம் தேதி அரசாங்கம் அதை மாற்றி, ஒரு ரூபாய்க்கு நூறு புதுப்பைசா என்று ஆக்கியது. நாலணாவுக்கு 25 பைசா, எட்டணாவுக்கு 50 பைசா என்பது சரியாக வந்தது. ஆனால் ஓரணாவுக்கு ஆறேகால் பைசா வரும். கால் பைசாவுக்கு எங்கே போவது? ஆறு பைசா என்று வைத்துக்கொண்டார்கள். "அந்தக் கால் பைசா யார் வீட்டுக்குப் போச்சு?" என்று கிழவி சாகிறவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாராம். சிரிப்பாக இருக்கும். ஆனால் யோசித்துப் பார்த்தால் நல்ல கேள்வி. பணம் உருவம் மாறும்போதெல்லாம் சின்னக் கடைக்காரி கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

அணா போன பிறகும் நாம் நாலணா, எட்டணா என்ற பேச்சை விடவில்லை. 2011 ஜூன் மாதத்தோடு 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ள காசுகளும் செல்லாது என்று ஆனபோதுதான் நாலணா உண்மையிலேயே செத்தது.

அத்தையின் கடையில் கல்லாப்பெட்டி கிடையாது. இடுப்பில் சுருக்குப்பை. அதில் மூன்று அறை. ஒன்றில் சில்லறை, ஒன்றில் நோட்டு, ஒன்றில் வெற்றிலை பாக்கு. திருவிழாக் கடையில் பெரிய பாடு சில்லறைதான். பத்து ரூபாய்க்கு மல்லாட்டை வாங்கிவிட்டு ஐந்நூறு ரூபாயை நீட்டுவார்கள். பஸ் கண்டக்டரிடமும் கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களிடமும் கெஞ்சிச் சில்லறை மாற்றி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மீதிக்கு மிட்டாய் கொடுக்க வேண்டும். சில்லறை இல்லாமல் போன வியாபாரம் எவ்வளவோ.

ஆனால் ஒன்று. அந்தச் சுருக்குப்பையில் விழுந்த காசு அத்தையின் காசு. அடிகாசு கொடுத்து, சரக்குக் கடன் அடைத்து, மீதியை என்ன செய்வது என்று அத்தைதான் முடிவு செய்வார். மாமனாரே ஆனாலும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். இதை நினைவில் வையுங்கள். பின்னால் இதற்கே திரும்பி வருவேன்.

ஆற்றில் போட்டுக் குளத்தில் எடுத்தவர்

கையில் காசு எடுத்துப் போகாமலே ஒரு ஊரில் கொடுத்து இன்னொரு ஊரில் வாங்குவது என்பதை இப்போதுதான் கண்டுபிடித்தது மாதிரிப் பேசுகிறோம். நம் விருத்தாசலத்துக் கதை ஒன்று எல்லோருக்கும் தெரியும். சுந்தரர் பழமலைநாதரிடம் பன்னிரண்டாயிரம் பொன் வாங்கினார். காட்டு வழியில் அவ்வளவு பொன்னை எப்படித் தூக்கிப் போவது? "மணிமுத்தாற்றில் போட்டுவிடு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்" என்று இறைவன் சொன்னாராம். அவரும் இங்கே ஆற்றில் போட்டு, கும்பகோணமும் தாண்டிக் கிடக்கிற திருவாரூரில் கமலாலயக் குளத்தில் இறங்கி எடுத்தார். 'ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுகிற மாதிரி' என்று இன்றைக்கும் நாம் சொல்கிறோமே, அந்தச் சொலவடையே இந்தக் கதையைத்தான் ஞாபகப்படுத்துகிறது.

இந்தக் கதையில் பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. பெரியபுராணத்தில் சேக்கிழார் அதைச் சொல்லியிருக்கிறார். சுந்தரர் சாமியையே நம்பித்தான் போட்டார். ஆனாலும் போடுவதற்கு முன் பொன்னில் ஒரு துண்டை வெட்டி மச்சமாகக் கையில் வைத்துக்கொண்டார். மச்சம் என்றால் மாதிரி. திருவாரூரில் எடுத்த பொன்னை அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்த்தார். மாற்று குறைந்திருந்தது. விடவில்லை. பாடிப் பாடி, மாற்றுச் சரியான பிறகுதான் எடுத்துக்கொண்டார். சாமி கொடுத்த பணத்துக்கே சரிபார்ப்பு இருந்தது. நாம் எதற்குக் கூச்சப்பட வேண்டும்?

பாயில் எண்ணிய பணம்

நம் குழுக்களின் வரலாறும் பண வரலாறுதான். தமிழ்நாட்டில் முதன்முதலில் 1989ல் தருமபுரி மாவட்டத்தில், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு பெண்கள் குழுக்களை ஆரம்பித்தார்கள். 1991-92ல் அது அப்போதைய தென்னாற்காடு மாவட்டத்துக்கும் வந்தது. கடலூர் தனி மாவட்டமாக ஆனதே 1993ல்தான். அதாவது கடலூர் மாவட்டம் பிறப்பதற்கு முன்பே இந்த மண்ணில் குழு பிறந்துவிட்டது. 1992ல் நபார்டு வங்கி நாடு முழுவதும் 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்க்கும் முயற்சியைத் தொடங்கியது. 1997ல் மகளிர் திட்டம் வந்தது.

அந்தக் காலத்தில் கூட்டம் என்றால் பாய் விரித்து, நடுவில் பணத்தைக் கொட்டி, எல்லோர் கண்ணுக்கு முன்னாலும் எண்ணி, நோட்டில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பார்கள். நான் குழுவில் சேர்ந்த 2012லும் அப்படித்தான். எங்கள் தலைவி அக்கா சொல்வார்: "பணம் பூட்டின பொட்டியில இருக்கக் கூடாது, எல்லாரு கண்ணுலயும் இருக்கணும்." பணம் கண்ணில் தெரிந்ததால்தான் ஒருவரை ஒருவர் நம்பினோம்.

ஜாடியில் இருந்த ஏழாயிரம்

2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று டிவியில் பிரதமர் சொன்னார். நாட்டில் புழங்கிய பணத்தின் மதிப்பில் 100க்கு 86 பங்கு அந்த இரண்டு நோட்டுகளில்தான் இருந்தது.

அன்று இரவு எங்கள் வீட்டில் சாப்பாடு முடிந்து எல்லோரும் படுத்த பிறகு, அத்தை மெல்ல எழுந்து பரணில் இருந்து ஒரு பீங்கான் ஜாடியை இறக்கினார். விருத்தாசலத்து ஊறுகாய் ஜாடி. வாய் உடைந்ததால் விற்காமல் வீட்டிலேயே கிடந்தது. அதில் பதினாலு ஐந்நூறு ரூபாய் நோட்டு இருந்தது. ஏழாயிரம். எட்டு வருடத் திருவிழாவில் ஒதுக்கியது. மாமனாருக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது. "இது ஒரு ஆத்திர அவசரத்துக்குன்னு வெச்சிருந்தேன்மா, இப்ப என்ன பண்றது?" என்று என்னைக் கேட்டார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அத்தைக்கு அப்போது வங்கிக் கணக்கு இல்லை. வரிசையில் நின்று மாற்றவும் உடம்பில் தெம்பு இல்லை. கடைசியில் என் வீட்டுக்காரர் கணக்கில் கட்டினோம். கணக்கில் விழுந்த பணம் வீட்டுச் செலவோடு கலந்தது. யாரும் திருடவில்லை. உரம், பள்ளிக்கூடச் செலவு, ஒரு ஆஸ்பத்திரிச் செலவு என்று அது போய்விட்டது. அத்தையும் திருப்பிக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்? ஜாடியில் இருந்தவரை அது அவர் பணம். கணக்கில் போனதும் அது வீட்டுப் பணம். நாடு முழுக்க அந்த மாதத்தில் அரிசிப் பானையில் இருந்தும் புடவை மடிப்பில் இருந்தும் வெளியே வந்த பெண்கள் பணம் எவ்வளவு இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

கட்டம் போட்ட அட்டை வந்த கதை

அதே 2016ல்தான் யுபிஐ என்கிற முறையும் வந்தது. ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலில் வங்கிகள் சேர்ந்து 2008ல் அமைத்த தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் இதை உருவாக்கியது. ஏப்ரல் 11ஆம் தேதி அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் தொடங்கிவைத்தார். அதே வருடக் கடைசியில் பீம் செயலி வந்தது. போன்பே, கூகுள் பே எல்லாம் அடுத்தடுத்துப் பரவின. இதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்றுதான். செயலி வெறும் வழி. பணம் அதில் தங்காது. கொடுப்பவர் வங்கிக் கணக்கில் இருந்து வாங்குபவர் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகிறது. அதனால் எந்தச் செயலி என்பதைவிட எந்தக் கணக்கு என்பதுதான் முக்கியம்.

கடையில் ஒட்டியிருக்கும் கருப்பு வெள்ளைக் கட்டம் இருக்கிறதே, அது பணத்துக்காகக் கண்டுபிடித்ததே இல்லை. 1994ல் ஜப்பானில் கார் உதிரிப் பாகங்களைக் கணக்கு வைக்க மசாஹிரோ ஹாரா என்கிற பொறியாளரும் அவர் கூட இருந்தவர்களும் உருவாக்கியது. தொழிற்சாலைக்குச் செய்தது மல்லாட்டைக் கடைக்கு வந்து சேர இருபது வருடத்துக்கு மேல் ஆனது.

கையில் பணம் இல்லாத வியாபாரத்தில் நமக்கு முன்னால் போனது ஆப்பிரிக்காவில் இருக்கிற கென்யா நாடு. அங்கே 2007லேயே எம்-பெசா என்று ஒரு முறை வந்தது. பட்டன் போன் மூலமே பணம் அனுப்பினார்கள். பட்டணத்தில் வேலை செய்கிறவர்கள் ஊரில் இருக்கும் வீட்டுக்கு அதில்தான் பணம் அனுப்பினார்கள். சந்தையில் காய்கறி விற்கிற பெண்கள்கூட அதில் காசு வாங்கினார்கள். ஏழை நாட்டில் இது நடக்காது என்று சொன்னவர்கள் வாயை அது அடைத்தது.

நம் ஊரில் கார்டு தேய்க்கும் மெஷின் ஏன் சின்னக் கடைக்கு வரவில்லை தெரியுமா? ஒவ்வொரு முறைக்கும் கடைக்காரரிடம் கமிஷன் பிடிப்பார்கள். பத்து ரூபாய் வியாபாரத்துக்கு அது கட்டாது. யுபிஐ-க்கு 2020 ஜனவரி முதல் அந்தக் கமிஷன் கிடையாது என்று அரசு அறிவித்தது. பத்து ரூபாய் போட்டால் பத்து ரூபாயும் வரும். கிழவி கேட்ட அந்தக் கால் பைசாக் கேள்விக்கு இது ஒரு பதில் என்று சொல்லலாம்.

2020 மாசி மகம் முடிந்த கொஞ்ச நாளில் கொரோனா ஊரடங்கு வந்தது. அதன் பிறகு நோட்டைத் தொடவே ஜனங்கள் பயந்தார்கள். "ஜிபே இருக்கா?" என்று கேட்டு, இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போனார்கள். எங்களுக்கு வேறு வழி இல்லை. என் வீட்டுக்காரர் போனில் ஒரு க்யூஆர் வாங்கிக் கொட்டகை மூங்கிலில் கட்டினோம். சில்லறைப் பாடு பாதி தீர்ந்தது. 2023 ஆகஸ்ட் மாதம் நாடு முழுக்க ஒரே மாதத்தில் 1,000 கோடி முறைக்கு மேல் யுபிஐ-யில் பணம் மாறியது என்றார்கள். அதில் எங்கள் பத்து ரூபாய், இருபது ரூபாயும் இருந்தது.

2023 மாசி மகம்

இனி எழுதப் போவதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். வீட்டுக்காரரிடமும் கேட்டேன். "நடந்ததுதானே, எழுது. நாலு பேருக்கு உபயோகமா இருந்தா சரி" என்றார்.

அந்த வருடம் நல்ல வியாபாரம். நாலு நாளில் க்யூஆர் மூலம் மட்டும் 6,840 ரூபாய் வந்திருந்தது. அதில் சரக்குக் கடன் போக, குழுத் தவணை 1,850 ரூபாயைக் கட்டிவிடலாம் என்று நிம்மதியாக இருந்தேன். திருவிழா முடிந்து பணம் எடுக்கப் போனால் கணக்கில் முந்நூறு சொச்சம்தான் இருக்கிறது. வீட்டுக்காரர் இரண்டு சக்கர வண்டிக்குத் தவணையில் கடன் வாங்கியிருந்தார். வேலை சரியாக இல்லாததால் இரண்டு மாதம் பாக்கி. கணக்கில் பணம் விழுந்ததும் கடன் கொடுத்த நிறுவனம் தவணையையும் அபராதத்தையும் தானாகவே எடுத்துக்கொண்டுவிட்டது. அப்படி எடுக்கலாம் என்று அவர் கையெழுத்துப் போட்டதுதான். தப்பு என்று யாரையும் சொல்ல முடியவில்லை.

அவரும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மறுநாள் குழுக் கூட்டம். பதினோரு வருடத்தில் நான் ஒரு தவணை தவறியதில்லை. என்ன சொல்லிப் போய் நிற்பது என்று அழுதுகொண்டிருந்தேன்.

அத்தை எதுவும் பேசவில்லை. சுருக்குப்பையை அவிழ்த்துத் தரையில் கொட்டினார். க்யூஆர் தெரியாத வயசானவர்கள், கிராமத்தில் இருந்து வந்தவர்கள், குழந்தைகள், இவர்கள் எல்லாம் அத்தையிடம்தான் காசாகக் கொடுத்திருந்தார்கள். பத்தும் இருபதுமாக எண்ணினோம். 1,920 ரூபாய். "எடுத்துட்டுப் போய்க் கட்டு. மீதி எழுபது என்னோடது" என்றார்.

தவணை கட்டிவிட்டேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. 2016ல் ஜாடிப் பணத்துக்கு என்ன ஆனதோ, அதேதான் இப்போது என் உழைப்புக்கும் ஆகியிருக்கிறது. வறுத்தது நான், பொட்டலம் கட்டியது நான், வெயிலில் நின்றது நான். பணம் விழுந்தது வேறு ஒருவர் கணக்கில். "என் போன்ல இருந்தா என்ன, உன் போன்ல இருந்தா என்ன" என்று நாங்கள் சாதாரணமாகப் பேசியது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போதுதான் புரிந்தது.

இது என் ஒருத்தி கதை மட்டும் இல்லை. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 வயதில் இருந்து 49 வயது வரை உள்ள இந்தியப் பெண்கள் 100 பேரில் 79 பேர் தாங்களே பயன்படுத்தும் வங்கிக் கணக்கு இருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் தாங்களே பயன்படுத்தும் கைபேசி இருப்பதாகச் சொன்னவர்கள் 54 பேர்தான். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த 25 பேரை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்குக் கணக்கு இருக்கிறது, ஆனால் அதன் சாவி வேறு ஒருவர் சட்டைப் பையில் இருக்கிறது.

என் பேரில் ஒரு அட்டை

கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. இன்னும் இரண்டு பேர், "எங்க கடை அட்டையும் அவர் பேர்லதான்" என்றார்கள். ஒருத்தர் அட்டை மகன் பேரில், ஒருத்தருடையது தம்பி பேரில். அன்றைக்கே தீர்மான நோட்டில் எழுதினோம்: கடை போடுகிற உறுப்பினர் அவரவர் பேரில்தான் க்யூஆர் வைத்துக்கொள்ள வேண்டும்.

எழுதுவது சுலபம். செய்வதற்கு எனக்கு இரண்டு மாதம் ஆனது. எனக்கு வங்கிக் கணக்கு இருந்தது. ஆனால் அதில் கொடுத்திருந்த போன் நம்பர் வீட்டுக்காரருடையது. அதை மாற்ற ஆதாரோடு வங்கிக்கு மூன்று நடை. ஏடிஎம் கார்டு காலாவதி ஆகியிருந்தது, அதற்கு ஒரு நடை. தெரிந்தவரிடம் பழைய போன் ஒன்று வாங்கினேன். எட்டாவது படிக்கிற என் மகள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். ரகசிய எண்ணை நானே யோசித்து வைத்தேன். அது என்ன என்று மகளுக்கும் தெரியாது, இந்த மலரிலும் எழுத மாட்டேன்!

பிறகு மாத வாடகைக்குத் தமிழில் பேசும் ஸ்பீக்கர் பொட்டி ஒன்றும் வாங்கினேன். வாடகை வீண் செலவு என்று முதலில் நினைத்தேன். 2024 மாசி மகத்தில் அது தன் விலையைக் காட்டியது.

கூட்ட நேரத்தில் ஒரு இளவட்டம் வந்து இரண்டு பொம்மையும் ஒரு ஜாடியும் எடுத்தான். 450 ரூபாய். போனைக் காட்டி, "போட்டாச்சு பாருங்க" என்றான். பச்சை நிறத்தில் டிக் அடித்த படம் தெரிந்தது. நான் அடுத்த ஆளுக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டே சரி என்று தலையாட்டப் போனேன். பக்கத்தில் இருந்த அத்தை, "தம்பி, கொஞ்சம் இரு. எங்க பொட்டி பேசலையே" என்றார். "நெட்வொர்க் ஸ்லோ பாட்டி" என்றான். "பேசட்டும், நமக்கு என்ன அவசரம். ஜாடி எங்கயும் ஓடிடாது" என்று ஜாடியைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு நிமிடம் நின்றான். பிறகு போன் பேசுகிற மாதிரி நகர்ந்து போனவன் திரும்பவே இல்லை. அது பழைய படமோ, போலிச் செயலியோ. எழுதப் படிக்கத் தெரியாத அத்தை அன்றைக்கு 450 ரூபாயைக் காப்பாற்றினார். சுந்தரர் கையில் இருந்த மச்சம் அவருக்கு எப்படியோ, எங்களுக்கு அந்தப் பொட்டி.

காசும் வேண்டும்

இதைப் படித்துவிட்டு இனி ரொக்கமே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். வடலூர் தைப்பூசத்துக்கு வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். வள்ளலார் 1872ல் கட்டிய சத்திய ஞானசபையில் ஏழு திரை விலக்கி ஜோதி காட்டுகிற அன்று, பெருவெளி முழுக்க ஜனம். தருமசாலையில் எல்லோருக்கும் சோறு உண்டு. முதல் நாளே வந்து துணி விரித்துப் படுத்திருப்பார்கள். அவ்வளவு பேரும் ஒரே நேரத்தில் போனை எடுத்தால் டவர் தாங்குமா? பணம் போகுது போகுது என்று சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் கை கொடுப்பது சுருக்குப்பைதான். போன் இல்லாத பெரியவர்கள் நீட்டுகிற பத்து ரூபாயை வேண்டாம் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? அதனால் எங்கள் கடையில் இப்போதும் இரண்டும் உண்டு. அட்டை மூங்கிலில், சுருக்குப்பை அத்தை இடுப்பில்.

பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கும் 2022 மார்ச் 8, மகளிர் தினத்தன்று, யுபிஐ 123பே என்று ஒரு வழியை ரிசர்வ் வங்கி தொடங்கியது. இணையம் இல்லாமலே அதில் பணம் அனுப்பலாம். தெரியாத சகோதரிகள் வங்கியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

என் அனுபவத்தில் நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. எண்ணைப் போடச் சொன்னால் நம் பணம் போகப் போகிறது என்று அர்த்தம். வாடிக்கையாளர் போனைப் பார்த்து நம்பக் கூடாது, நம் போனையோ பொட்டியையோதான் நம்ப வேண்டும். நம் அட்டை மேல் யாராவது வேறு அட்டையை ஒட்டியிருக்கிறார்களா என்று காலையில் கடை விரிக்கும்போதே பார்க்க வேண்டும். இரவு கடை மூடும்போது ரொக்கம் இவ்வளவு, அட்டையில் இவ்வளவு என்று நோட்டில் எழுத வேண்டும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

நல்லதும் நடந்தது. போன வருடம் தனிக் கடனுக்காக வங்கிக்குப் போனபோது, "உங்களுக்கு என்னம்மா வருமானம்?" என்று கேட்டார்கள். முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு வாயால்தான் பதில் சொல்வோம், யாரும் நம்ப மாட்டார்கள். இந்த முறை பாஸ்புக்கை நீட்டினேன். இருபது, முப்பது, ஐம்பது என்று என் உழைப்பு வரிசையாக அச்சடித்து இருந்தது. எங்கள் பாயில் கொட்டி எண்ணிய பணம் மாதிரியே அதுவும் கண்ணுக்குத் தெரிந்தது.

கடைசியாக ஒன்று. அத்தை நாற்பது வருடம் கடை போட்டிருக்கிறார். எல்லோரும் "மல்லாட்டைக்காரம்மா" என்றுதான் கூப்பிடுவார்கள். என்னையும் அப்படித்தான். அட்டையை என் பேருக்கு மாற்றிய பிறகு வந்த முதல் திருவிழாவில் ஒரு அம்மா அட்டையை ஸ்கேன் பண்ணிவிட்டு, போனில் வந்த என் முழுப் பேரையும் வாய்விட்டுப் படித்து, "இது நீங்கதானே?" என்று கேட்டார். "ஆமாம்மா, நான்தான்" என்றேன். பின்னால் இருந்த அத்தை சிரித்தார். அந்த வாரமே அத்தை பேரிலும் கணக்கு ஆரம்பித்தோம்.

சகோதரிகளே, இந்த மலரைப் படித்து முடித்ததும் உங்கள் கடை அட்டையை நீங்களே ஒருமுறை ஸ்கேன் பண்ணிப் பாருங்கள். யார் பேர் வருகிறது என்று பாருங்கள். அடுத்த கூட்டத்தில் அதைச் சொல்லுங்கள்.